அந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சொன்னேன்

போன வருடம், பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த நேரம். நடந்தது சென்னை விமான நிலையத்தில்.

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் வைத்திருக்கிறேன். பொம்மை, விளக்கு, பூச்சாடி, ஓட்டல்காரர்கள் மேஜையில் வைக்கும் அலங்காரச் சாமான்கள் எல்லாம் செய்கிறோம். நாலைந்து வருடமாக வளைகுடா நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்ததில் இருந்து மாதம் ஒரு தடவையாவது நான் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. இப்படி அடிக்கடி போய் வருகிறவர்களுக்காக இமிக்ரேஷனில் தனியாக ஒரு விரைவுப் பாதை வந்திருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் ஒரு தரம் பதிந்து கொடுத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் வரிசை கிடையாது, அதிகாரி கிடையாது, கேள்வி கிடையாது. பாஸ்போர்ட்டை வைத்தால் ஒரு கதவு திறக்கும். கேமராவைப் பார்த்தால் அடுத்த கதவும் திறந்துவிடும்.

எனக்கு அனுமதி கிடைத்த அன்று என்னவோ பட்டம் வாங்கினவன் மாதிரி இருந்தேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், யூனிட்டுக்கு வருகிற லாரி டிரைவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் மணிக்கணக்காக வரிசையில் கிடக்கும்போது நான் மட்டும் டக்கென்று அந்தப் பக்கம் போய்விடுவேன் என்று சொல்லும்போது என் குரலே மாறிவிடும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

மங்கலம்பேட்டையில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். எங்கள் சாமான் உடையாமல் போவதற்குக் காரணம் அவர் கொடுக்கிற பெட்டிதான். அவருடைய அண்ணன் மஸ்கட்டில் கட்டட வேலையில் எலக்ட்ரீஷியன். அந்த ஏப்ரலில் அவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெரிய ஆபரேஷன் செய்தாக வேண்டும், எழுந்து நடப்பாரா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மனைவியைப் பார்த்த பிறகுதான் தியேட்டருக்குள் போவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வேலை கொடுத்த கம்பெனியே அந்த அம்மாவுக்கு அவசரமாக விசா எடுத்து அனுப்பியது.

பாய் என் யூனிட்டுக்கு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவருடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, அவரால் கூடப் போக முடியாது. நான் அதே வாரம் மஸ்கட் போவது அவருக்குத் தெரியும்.

"நீங்க போற ஃபிளைட்டுலயே அண்ணிக்கும் டிக்கெட் போட்டுடறேன் சார். கூட இட்டுக்கினு போயி அண்ணன்கிட்ட சேத்துடுங்க. அது கடலூரத் தாண்டி எங்கியும் தனியா போனதில்ல."

இதெல்லாம் ஒரு விஷயமா பாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். எத்தனை தடவை போய் வந்திருக்கிறோம், ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதா பெரிது என்று இருந்தது.

மத்தியான விமானம். காலையில் என் காரில் மங்கலம்பேட்டை போய் பாயையும் அவர் அண்ணியையும் ஏற்றிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கறுப்பு புர்கா, கையில் ஒரு துணிப்பை, போன்கூடக் கிடையாது. பையில் என்ன என்று கேட்டதற்கு, கணவருக்குப் பிடித்த நாரத்தங்காய் ஊறுகாய் என்றார். திண்டிவனம் பக்கத்தில் டிபன் சாப்பிட நிறுத்தினோம். அவர் இறங்கவில்லை. வழி முழுக்க உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

விமான நிலையத்தில் பாயை வாசலோடு அனுப்பிவிட்டு, இருவருக்கும் சேர்த்து போர்டிங் பாஸ் வாங்கினேன். பக்கத்துப் பக்கத்து சீட், அவருக்கு ஜன்னல் ஓரம். விசா, ஆஸ்பத்திரிக் கடிதம், கம்பெனிக் கடிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. கவுன்டரில் காட்டிவிட்டு அந்த உறையை என் லேப்டாப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் எங்கேயாவது தவறவிட்டுவிடுவார் என்று எனக்கு எண்ணம். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் மட்டும் அவர் கையில் கொடுத்தேன்.

இமிக்ரேஷன் கூடத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. ஓரத்தில் எங்கள் விரைவுப் பாதையில் ஒரே ஒரு ஆள் நின்றார். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வரிசையைக் காட்டி, இதிலேயே வாருங்கள், நான் அந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவர் வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் இதுலயே வரக் கூடாதாண்ணே?"

"எனக்கு இதுல நிக்கிற வேலையே இல்லம்மா" என்று சிரித்தேன். நானும் அவரோடு நின்றிருக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதவு எனக்காகத் திறப்பதை அவர் பார்க்க வேண்டும் என்றுகூட உள்ளுக்குள் இருந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், கதவைத் தாண்டியதும் திரும்பிக் கையசைத்தேன்.

எனக்கு முன்னால் அதே பாதையில் போனவர் சென்னையில் பெரிய ஓட்டல்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற வியாபாரி. பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. அப்படி ஒருவரைப் பார்க்க நான் ஒரு வருடமாக அலைந்துகொண்டிருந்தேன். லவுஞ்சுக்கு வாருங்கள், காபி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார். வரிசை நகர இன்னும் நேரமாகும், அதற்குள் வந்துவிடலாம் என்று அவர் பின்னால் போனேன்.

நல்ல சோபா, நல்ல சாப்பாடு. யூனிட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இருக்கிற சூளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வேலையாட்களைக் கொஞ்சம் கூட்டி, என்னையும் ஒரு பெரிய ஏற்றுமதியாளனாக ஆக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஆர்வமாகக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் விமானக் கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். கையில் வாக்கி டாக்கி. அந்த அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, இவர்களோடு வந்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டார். மங்கலம்பேட்டை என்று ஊரையும் சொன்னார்.

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. வாயில் கேக் இருந்தது.

எதிரில் இருந்தவர் என்னிடம், "மங்கலம்பேட்டைன்னா உங்க ஊர்ப் பக்கம்தானே? உங்களோட வந்தவங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்து ஊர்தான் சார். யாருன்னு தெரியல" என்றேன்.

எப்படி அது என் வாயில் வந்தது என்று இன்று வரை யோசிக்கிறேன். எழுந்தால் பேச்சு நடுவில் முறிந்துவிடும் என்பது ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை. துணிப்பையும் புர்காவுமாக, பேசத் தெரியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கிராமத்துப் பெண் என்னோடு வந்தவர் என்று அந்த மனிதருக்குத் தெரிவதை நான் விரும்பவில்லை. வந்தவர் ஒரு அதிகாரியின் மனைவியாக இருந்திருந்தால் முதல் குரலுக்கே எழுந்து ஓடியிருப்பேன். ரெண்டு நிமிஷத்தில் போய்ப் பார்த்துவிடலாம், என்ன ஆகிவிடப் போகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் எழுந்தது அந்த வியாபாரி தன் விமானத்துக்குக் கிளம்பிய பிறகுதான்.

இமிக்ரேஷன் கவுன்டர்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கவுன்டர்களுக்கு இடையே உள்ள சந்தில் அந்தக் கூடம் தெரிந்தது. ஓரமாகப் போட்டிருந்த ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். துணிப்பை மடியில். முதல் தடவையாக வெளிநாடு போகிற பெண், தனியாக வருகிறார், விசாத்தாளைக் கேட்டால் இல்லை, எங்கே தங்கப் போகிறாய் என்றால் தெரியவில்லை. அதிகாரி ஓரமாக உட்கார வைத்துவிட்டார். அதிகாரி மேல் தப்பே இல்லை. இப்படிப் போய் ஏமாந்து நிற்கிற பெண்களைத் தடுக்கத்தான் அந்தக் கேள்விகளே. அந்த அம்மா எல்லாக் கேள்விக்கும், எல்லாம் என்னோடு வந்த அண்ணனிடம் இருக்கிறது, அந்தப் பக்கம் நிற்கிறார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியவில்லை. நான் அவரிடம் போகக் காலெடுத்து வைத்தேன். காவலர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஒரு தடவை வெளியே போனதாகப் பதிவாகிவிட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. அவ்வளவு சுலபமாகத் திறந்த கதவு ஒரு பக்கம்தான் திறக்கும் என்பதை நான் யோசித்ததே இல்லை.

லவுஞ்சுக்கு வந்த அதே பெண்தான் அங்கே நின்றார். உறையை அவரிடம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போனார். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் படித்தார். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்று உள்ளே எடுத்துப் போனார். அதற்குள் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண் திரும்பி வந்து, "அவங்களால இந்த ஃபிளைட்ல வர முடியாது சார். நீங்க போறீங்களா, இல்ல அவங்களோட இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நின்றிருந்தாலும் நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போயிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அங்கே எனக்கு முக்கியமான சந்திப்பு இருந்தது. அந்த அம்மாவுக்குத் தூரத்தில் இருந்தே, இருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்பது போலக் கையைக் காட்டினேன். பிறகு திரும்பி நடந்தேன். விமானத்தில் ஜன்னல் ஓர சீட் காலியாக வந்தது.

விமானம் கிளம்புவதற்குள் பாய்க்குப் போன் செய்தேன். நல்லவேளை, அவர் ஊருக்குப் போகவில்லை. அண்ணி ஏறிய விமானம் மேலே போவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று வெளியிலேயே நின்றிருந்தார். ஏதோ பேப்பர் சிக்கல் பாய், நாளைக்குத்தான் வர முடியும் போல என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைக் குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய கவலை எல்லாம் அண்ணனைப் பற்றித்தான். "போன்ல சொன்னா நம்பாது சார். நாம எதுவோ மறைக்கிறோம்னு நெனச்சிக்கும். நீங்களே நேர்ல போயி சொல்லிடுங்க" என்றார்.

சாயங்காலம் மஸ்கட்டில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மல்லாக்கப் படுத்திருந்தார். தலையைத் திருப்பக்கூட முடியாது. வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார். யாரோ உதவி செய்து முகம் மழித்து, தலைசீவி விட்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவர் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"எங்கங்க?" என்று கேட்டார்.

நாளைக்கு வந்துவிடுவார்கள், இமிக்ரேஷனில் ஒரு சின்னத் தாமதம் என்று சொன்னேன். நர்ஸ் வந்து, டாக்டர் காத்திருக்கிறார், இதற்கு மேல் தள்ளிப் போட்டால் காலுக்கு ஆபத்து என்று சொல்லிப் புரிய வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "அவ பயந்துக்குவா. வந்தா நான் நல்லாத்தான் பேசினேன்னு சொல்லுங்க" என்றார். அந்தக் கை சில்லென்று இருந்தது. அந்தத் தாழ்வாரத்தில் நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு ஆண்டவனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அந்த அம்மா மறுநாள் வந்து சேர்ந்தார். பாய் அங்கேயே இருந்து டிக்கெட்டை மாற்றி, எல்லாத் தாளையும் அண்ணி கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார். சந்திப்பை முடித்துக்கொண்டு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணவர் மயக்கத்திலிருந்து தெளிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார்.

"அந்தப் பொண்ணு நீங்க ஒக்காருற எடத்துக்கு வந்து என் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்னு சொல்லிச்சு. நீங்க அங்க இல்லியாண்ணே?"

"பாத்ரூம் போயிருந்தேம்மா" என்றேன்.

"அதானே பாத்தேன். இருந்திருந்தா எழுந்து வந்திருப்பீங்களே" என்றார். ஃபிளாஸ்கில் இருந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். சில மாதம் கழித்து அவர்களும் வந்துவிட்டார்கள். கணவர் கைத்தடியோடு நடக்கிறார். ஊரெல்லாம் என்னைப் பற்றி நல்ல பேச்சு. இறங்கினதும் ரூமுக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார், நம்ம சாரு மாதிரி யார் செய்வார்கள் என்று பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் அங்கே பெட்டி எடுக்க நிற்கும்போதே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. என் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவன், மனைவி, பாய் மூவருமே இருந்தார்கள். லவுஞ்சில் நடந்ததை அப்படியே சொன்னேன். கூப்பிட்டது கேட்டது, யாரென்று தெரியாது என்று சொன்னது, பாத்ரூம் போனதாகப் பொய் சொன்னது, எல்லாம். என் மனைவிக்கே அதுவரை தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன்காரர் கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

அந்த அம்மாதான் கடைசியில் பேசினார். கோபம் இல்லை. குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"இத எங்ககிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமேண்ணே" என்றார். பிறகு, "நீங்க அங்க இல்லன்னு நெனச்சிக்கினு இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. நம்ம நேரம் அப்பிடின்னு உட்டுட்டேன். இப்ப திரும்பவும் அந்த நாற்காலியில கொண்டுபோயி ஒக்கார வெச்ச மாதிரி இருக்குது" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன்காரர் வெயிலைப் பற்றி ஏதோ பேச்சை ஆரம்பித்தார். நாங்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போயிட்டு வரோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.

என் பாரம் இறங்கட்டும் என்றுதான் நான் அன்றைக்குப் போயிருக்கிறேன். அது அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. விமான நிலையத்தில் என் சௌகரியத்தைப் பார்த்தேன். அவர்கள் வீட்டிலும் என் மனசாட்சியின் சௌகரியத்தைத்தான் பார்த்திருக்கிறேன். காரில் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிற அவள் அம்மாவை அடுத்த மாதம் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. நான் கூட்டிப் போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். வேண்டாம், தம்பியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் மெல்லச் சொன்னபோது நான் ஏன் என்று கேட்கவில்லை.

பாய் இப்போதும் எனக்குப் பெட்டி கொடுக்கிறார். சார் என்றுதான் கூப்பிடுகிறார். பேச்சில் மரியாதை குறையவில்லை. ஆனால் இத்தனை மாதத்தில் என்னிடம் ஒரு உதவி கேட்கவில்லை. போன மாதம் அவருடைய மைத்துனர் முதல் தடவையாக துபாய் போனதை நான் வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நானும் அதே நாள் அதே ஊருக்குத்தான் போனேன்.

தனியாகப் போகும்போது அந்த விரைவுப் பாதையில்தான் இன்றும் போகிறேன். பாதை மேல் என்ன குற்றம் இருக்கிறது? யாராவது கூட வந்தால் அவர்களோடு வரிசையில் நிற்கிறேன். அதைப் பெரிய திருத்தம் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. கை தூக்கி, என்னோடு வந்தவர்தான் என்று சொல்ல வேண்டிய ஒரே ஒரு நிமிஷத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு யாராவது என்னை நல்ல மனுஷன் என்று சொன்னால், மறுத்துச் சொல்ல வாய் வராமல், தலை மட்டும் தானாகக் குனிந்துகொள்கிறது.